மதில் கோடுகள் மூலையில் உடைவது ஏன்? டூம் லெவல் கேள்வி-பதில்

கொக்குவில்: நல்லூர்க் கோயில் மதில்போல சிவப்பு வெள்ளைக் கோட்டு மதில் ஒன்று, டூம் (Doom) என்ற பழைய கணினி விளையாட்டுக்கு நான் கட்டும் லெவலில் (விளையாடும் களத்தில்) செய்கிறேன். மூலைக்கு மூலை கோடு உடைகிறது.

ஒவ்வொரு சுவரும் டெக்ஸ்சரை (சுவரில் ஒட்டும் படத்தை), எதிரே நின்று பார்க்கும்போது இடப்பக்கம் வரும் முனையிலிருந்து புதிதாகத் தொடங்கும். முந்தின சுவர் எதில் முடிந்தது என்று எக்ஸ் ஒஃப்செட் (படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் அளவு) மூலம் நாங்கள்தான் சொல்லவேண்டும். முந்தின சுவரின் ஒஃப்செட்டையும் நீளத்தையும் கூட்டி, டெக்ஸ்சரின் அகலத்தால் வகுங்கள். மீதிதான் அடுத்த சுவரின் ஒஃப்செட். அகலம் 64, முதற்சுவர் 200 என்றால் மீதி 8. அடுத்ததும் 200 என்றால் மூன்றாவதற்கு 16.

லெவல் கட்டும் மென்பொருளான அல்டிமேட் டூம் பில்டரின் 3டி பார்வையில் சுவரைக் குறிவைத்து ஏ விசையை அழுத்தினால் இதே கணக்கை அது செய்துவிடும். ஆனால் மதிலின் மொத்தச் சுற்றளவு 64 ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் கடைசி மூட்டு எப்படியும் பிசகும். அதனால் கோபுர வாசலின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடியுங்கள். மூட்டே இராது.

சாவகச்சேரி: யன்னலுக்கு மேலும் கீழும் உள்ள கல்வரிசை பக்கச் சுவரோடு சேரவில்லை.

மேல்துண்டு தன் கீழ்விளிம்பிலிருந்தும், கீழ்த்துண்டு தன் மேல்விளிம்பிலிருந்தும் வரையப்படுகின்றன. பக்கச் சுவரோ கூரையிலிருந்து இறங்குகிறது. யன்னல் கோட்டுக்கு (வரைபடத்தில் யன்னல் சுவரைக் குறிக்கும் கோடு) அப்பர் அன்பெக்ட், லோவர் அன்பெக்ட் (படத்தை எங்கிருந்து அளப்பது என்பதை மாற்றும் தெரிவுகள்) இரண்டையும் போடுங்கள். மூன்றும் கூரையிலிருந்தே அளக்கப்படும். யன்னலுக்கு முன்னாலும் பக்கச் சுவருக்கு முன்னாலும் கூரை உயரம் ஒன்றாக இருக்கவேண்டும்.

பருத்தித்துறை: கதவு திறக்கும்போது நிலையும் சேர்ந்து மேலே போகிறது.

நிலைச் சுவர்களுக்கு லோவர் அன்பெக்ட் போடுங்கள். முழுச் சுவரில் அது படத்தைத் தரையிலிருந்து அளப்பதால், தரையோடு நிற்கும். கதவின் முகத்துக்கு அப்பர் அன்பெக்ட் போடவேண்டாம். போட்டால் படம் அசையாமல் நிற்க, கதவு மட்டும் சுருங்குவதுபோல் தெரியும்.

யாழ்ப்பாணம்: கோட்டையின் ஐங்கோணத்தைக் கிரிட்டில் (வரைபடக் கட்டங்களில்) வைத்தால் சரிவுச் சுவர்களின் நீளம் முழு எண்ணாக வருவதில்லை.

64க்கு 64 சரிவு ஏறக்குறைய 90.5 நீளம், அதில் எந்த டெக்ஸ்சரும் ஒழுங்காக முடியாது. 192க்கு 256 என்று சரித்தால் நீளம் சரியாக 320, அதாவது 64 இன் 5 மடங்கு. இதை வைத்தே ஐங்கோணம் கட்டலாம். முனைகள்: (0, 0), (320, 0), (416, 304), (160, 496), (-96, 304). எல்லாம் 16 கிரிட்டில் விழும். மூன்று பக்கம் 320, மற்ற இரண்டும் ஏறக்குறைய 318.8. கோட்டை அளவுக்கு எல்லா எண்களையும் 4 ஆல் பெருக்குங்கள். அந்த இரண்டு பக்கங்களிலும் பிசகு 5 அலகுக்குள்தான். ஐந்து மூலையிலும் கொத்தளம் வருவதால் அதையும் அங்கே மறைத்துவிடலாம்.

வல்வெட்டித்துறை: உயரமான சுவரில் நிறப்புள்ளிகள் கலைந்து தெரிகின்றன.

டூமின் பழைய எஞ்சின் (விளையாட்டை இயக்கும் நிரல்) டெக்ஸ்சர் உயரம் 128 என்றே எடுத்துக்கொள்ளும். 64 அல்லது 72 உயர டெக்ஸ்சரை அதைவிட உயர்ந்த சுவரில் போட்டால் இப்படித்தான். 128 உயரமானதை எடுங்கள்.