பரீட்சை என்று சொல்லி நின்றுவிடும் பிள்ளைகள்

கேள்வி: கரூரில் ஆறு வருடமாகக் கராத்தே வகுப்பு நடத்துகிறேன். ஷோடோகான் முறை, வாரத்துக்கு மூன்று நாள். கோடை விடுமுறையில் 52 பிள்ளைகள் சேர்ந்தார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து பார்த்தால் 17 பேர்தான் மிச்சம். கேட்டால் எல்லாரும் "பரீட்சை மாஸ்டர், அப்புறம் அனுப்புறோம்" என்கிறார்கள். அந்த "அப்புறம்" வருவதே இல்லை. கற்றுக்கொடுப்பதில் நான் குறை வைத்ததில்லை. பெற்றோரிடம் எப்படிப் பழகினால் பிள்ளைகள் நிலைப்பார்கள்?
– கராத்தே பயிற்சியாளர், கரூர்

பதில்:

அன்புள்ள மாஸ்டர்,

பெற்றோர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. பாதிக் காரணத்தைச் சொல்கிறார்கள். அதே பரீட்சை வாரத்தில் அந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் போகிறது. நேரமோ பணமோ இறுகும்போது எதை நிறுத்தலாம் என்று வீட்டில் யோசிப்பார்கள். பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியாத வகுப்புதான் முதலில் நிற்கும். உங்கள் வகுப்பில் நடப்பது அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். மே மாதம் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர், லீவில் பிள்ளை செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அனுப்பப்பட்டவர்கள். பள்ளி திறந்ததும் அவர்கள் போவது இயல்பு, அதற்காக வருந்த வேண்டாம். ஜூலை முதல் வாரம் வந்தவர்கள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அந்த எண்ணுக்கும் 17-க்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய இழப்பு.

சேர்க்கும் நாளில் ஃபாரம் நிரப்பி, பணம் வாங்கி, டிரஸ் அளவு எடுத்து அனுப்பிவிடுகிறோம். அன்றைக்கே கால் மணி நேரம் பெற்றோரோடு உட்காருங்கள். எதற்காகச் சேர்க்கிறீர்கள், பிள்ளைக்கு வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு, பழைய எலும்பு முறிவு ஏதாவது உண்டா, தினமும் கூட்டிவந்து கூட்டிப்போவது யார் என்று கேளுங்கள். பதில்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் கேள்விக்கான பதில் பொன் போன்றது. "இவன் நாலு பேர் இருந்தா வாயே திறக்க மாட்டான் மாஸ்டர்" என்று ஒரு அம்மா சொன்னால், அவர் உங்களை அளக்கப்போகும் கோல் அதுதான். மூன்று மாதம் கழித்து மஞ்சள் பெல்ட்டைக் காட்டினாலும், அவர் கேட்டதற்கு அது பதில் ஆகாது. மூன்றாவது வாரம் போன் செய்து, "இன்னிக்கு கியாய்னு சத்தம் போட்டப்போ கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சும்மா" என்று சொல்லுங்கள். அதுதான் பதில்.

மூன்றாவது கேள்வியும் உங்கள் ஊருக்கு முக்கியம். டெக்ஸ்டைல் கம்பெனிக்கோ பஸ் பாடி கட்டும் பட்டறைக்கோ போகும் அப்பா அம்மா வீடு திரும்பும் முன்பே உங்கள் வகுப்பு முடிந்துவிடும். பிள்ளையைக் கூட்டிப்போவது தாத்தாவோ ஆட்டோக்காரரோ. முடிவெடுக்கும் ஆள் வகுப்பை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு மாதம் ஒரு வீடியோ அனுப்புங்கள்: 20 விநாடி போதும், அவர் பிள்ளை மட்டும் தெரிய வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை பெற்றோர் வகுப்பு வையுங்கள். பிள்ளைகள் கற்றுக்கொடுக்க, பெற்றோர் நின்று செய்யட்டும். முன்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு டாச்சி நிலையில் ஒரு நிமிடம் நின்று தொடை நடுங்கிய அப்பா, "சும்மா கையைக் காலை ஆட்டுறாங்க" என்று பிறகு சொல்ல மாட்டார்.

முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஹெய்யான் ஷோடான் கட்டாவில் (கட்டா என்பது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு) 21 அசைவுகள். ஒரு அட்டையில் 21 கட்டம் போட்டு, பிள்ளை ஒவ்வொரு அசைவையும் திருத்தம் இல்லாமல் செய்ததும் ஒரு கட்டத்தில் கையெழுத்திட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். பெல்ட் வரும்வரை மூன்று மாதம் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் இப்போது வாரத்துக்கு இரண்டு கட்டம் நிறைகிறது. வீட்டுப் பயிற்சியும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்: 20 கெடான் பராய் (கீழ்த் தடுப்பு), 20 ஓய் ஸுகி (முன்னேறிக் குத்துவது). பெற்றோரின் வேலை ஜப்பானிய மொழியில் இச், நி, சான் என்று எண்ணுவது மட்டும்தான். திருத்தச் சொல்லாதீர்கள். திருத்த ஆரம்பித்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும், பிள்ளைக்குக் கசந்துவிடும்.

நிற்கப்போகும் பிள்ளை அதைச் சில வாரம் முன்பே காட்டிவிடும். பெல்ட்டை மறந்துவிட்டு வரும், பத்து நிமிடம் தாமதமாக வரும், முன்வரிசையில் நின்றது கடைசிக்குப் போகும், அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகும். பிறகு ஒருநாள் வராது. தொடர்ந்து இரண்டு வகுப்பு வராவிட்டால் அன்று இரவே பேசுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதாது, குரல் வேண்டும். "ஏன் அனுப்பலை?" என்று தொடங்கினால் எதிர்முனையில் தற்காப்புதான் வரும். "உடம்புக்கு ஒண்ணுமில்லையே? ரெண்டு நாளா காணோம்னு கேட்டேன்" என்று தொடங்குங்கள். அந்த அழைப்பில் கட்டணப் பேச்சு கூடவே கூடாது. ஒரே ஒருமுறை பேசினாலும், அடுத்த அழைப்பிலிருந்து உங்கள் எண்ணைப் பார்த்ததுமே போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.

நின்றுபோன பிள்ளைகளின் பெயரைக் கட்டண நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளைகள் அதில் நிறைய இருந்தால் வெட்கம்தான் காரணம். வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பதும், குரூப்பில் பாக்கிப் பட்டியல் போடுவதும் பிள்ளையைத் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு மாதம் பிறந்ததும் மொத்தமாகக் கட்டுவது கடினம். நான்கு பங்காக வாங்கிக்கொள்ளுங்கள். வருடச் செலவு முழுவதையும் சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் கொடுங்கள். உதாரணத்துக்கு மாதம் 500 ரூபாய் என்றால் வருடம் 6,000, டிரஸ் 900, கிரேடிங் என்ற பெல்ட் தேர்வு 400 வீதம் மூன்று முறை 1,200, ஆக 8,100. போட்டிக்குப் போனால் நுழைவுக் கட்டணமும் பயணமும் தனி, போவது கட்டாயம் இல்லை என்றும் எழுதுங்கள். 8,100 ரூபாயை முதல் நாளே கேட்டுத் தயங்கும் வீடுகளைவிட, திடீரென்று வரும் 400 ரூபாய்க்கு மனம் கசந்து போகும் வீடுகள்தான் அதிகம்.

கிரேடிங்கை ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். தயாராகாத பிள்ளையை அதில் கலந்துகொள்ள வைக்காதீர்கள். அதை அப்பா அம்மாவிடம் தனியாக, எந்த அசைவில் குறை, எத்தனை வாரம் ஆகும் என்று சொல்லுங்கள். பக்கத்துத் தெரு வகுப்பில் ஒரு வருடத்தில் பச்சை பெல்ட் கொடுத்துவிட்டார்கள் என்று ஒப்பிடுவார்கள். சங்கத்துக்குச் சங்கம் நிற வரிசை மாறும், 10-ஆம் கியூ என்ற தொடக்கப் படியிலிருந்து 1-ஆம் கியூ வரை ஏறி கறுப்புப் பெல்ட் தொட ஒழுங்காக வந்தாலே நான்கைந்து வருடம் ஆகும் என்று பொறுமையாக விளக்குங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் நிச்சயம், ஒலிம்பிக் போகலாம் என்றெல்லாம் சேர்க்கைக்காகச் சொல்ல வேண்டாம். கராத்தே ஒலிம்பிக்கில் இருந்தது 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் மட்டும். 2024 பாரிஸில் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1994 முதல் இருக்கிறது. உள்ளதைச் சொன்னாலே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் 17 பேரில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? பெரும்பாலான வகுப்புகளில் 11 முதல் 13 வயதுக்குள் பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். "பரீட்சை" என்ற சொல் அதிகம் மறைப்பது இவர்கள் விஷயத்தில்தான். வயதுக்கு வந்த பிறகு வெள்ளை பேன்ட் போடப் பயம், மாற்றிக்கொள்ள இடமில்லை, கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, இடுப்பைப் பிடித்துத் திருப்பி நிற்க வைப்பது ஆண் மாஸ்டர், வகுப்பு முடியும்போது இருட்டிவிடுகிறது. இதில் ஒன்றையும் எந்த அம்மாவும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஆகவே கேட்காமலேயே செய்யுங்கள். சாதாரண வகுப்பு நாட்களில் கறுப்பு டிராக் பேன்ட் போடலாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அறிவியுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பிரித்துச் சொன்னால் போட மாட்டார்கள். மூத்த மாணவி ஒருவரையோ விருப்பமுள்ள ஒரு அம்மாவையோ உதவியாளராக வையுங்கள், உடம்பு சரியில்லாத நாட்களைப் பற்றிப் பிள்ளைகள் அவரிடம் சொல்லிக்கொள்ளட்டும். நிலையைத் திருத்தும்போது நீங்களே நின்று காட்டி, வாயால் சொல்லுங்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டு மணிக்கட்டு, முழங்கை அளவில் நிறுத்துங்கள். ஆண் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே விதி. பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள், எல்லாம் பெற்றோர் எண்ணுக்கே போகட்டும். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் பற்றி இன்று பெற்றோருக்குத் தெரியும். இந்த விதிகளை நீங்களே எழுதி, படித்துக்காட்டி, சுவரில் ஒட்டினால் அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கைதான் கூடும்.

குமித்தே, அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சி, தொடங்கும் மாதம் இன்னொரு கண்டம். மூக்கில் ரத்தத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போன மறுநாள் அது வகுப்புக்கு வராது. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே பெற்றோரைக் கூப்பிட்டு, கிளவுஸ், பல் கார்டு, கால் கார்டு எல்லாவற்றையும் கையில் கொடுத்துக் காட்டுங்கள். முகத்தைத் தொடக் கூடாது என்ற விதியையும், மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். அடிபட்டால் பிள்ளை வீடு சேரும் முன் உங்கள் போன் சேர வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் உட்காரவைத்து, தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள்; தலையைப் பின்னால் சாய்த்தால் ரத்தம் தொண்டைக்கு இறங்கிக் குமட்டும். தலையில் அடி என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி முடிந்தது. வாந்தி, அசாதாரணத் தூக்கம், குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனை என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் காலை நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.

தண்டனையைப் பற்றிச் சுருக்கமாக: பிரம்பும் நூறு தோப்புக்கரணமும் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பிள்ளை வீட்டில் காரணம் சொல்லாது, "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்லும்.

இப்போது பரீட்சைக்கு வருவோம். காலாண்டு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், முழுஆண்டு ஏப்ரல் வாக்கில். இது நமக்கு ஜூனிலேயே தெரியும். வகுப்புக்கும் ஜூனிலேயே பரீட்சைக்கால அட்டவணை போடுங்கள். தேர்வு நடக்கும் வாரங்களிலும் அதற்கு முந்தைய வாரத்திலும் வாரத்துக்கு ஒரே வகுப்பு, 45 நிமிடம், புதிய பாடம் கிடையாது, வியர்க்க ஓடிவிட்டுத் தெரிந்த கட்டாவைச் செய்தால் போதும். அந்த மாதத்துக்குப் பாதிக் கட்டணம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நீண்ட விடுப்பு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் திரும்பும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி இல்லாத விடுப்பிலிருந்து திரும்புபவர்கள் மிகக் குறைவு. நின்றே போகிறோம் என்பவர்களுக்கும் சான்றிதழைச் சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்புங்கள். தம்பியோ தங்கையோ நாளை உங்களிடம் வருவது அதைப் பொறுத்தது.

போன பிள்ளைகளை இந்த வாரமே கூப்பிடலாம். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, அதற்கு மேல் பேசினால் குரலில் சலிப்பு தெரிந்துவிடும். "திரும்ப அனுப்புங்க" என்று கேட்காமல், "பரீட்சை எப்படி எழுதினான்?" என்று கேளுங்கள். பிறகு, என்ன குறை இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி. வரும் பதிலுக்கு மறுப்புச் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். விஜயதசமி நெருங்குகிறது, எதையும் கற்கத் தொடங்க நம் வீடுகளில் நல்ல நாள் என்று நினைக்கும் நாள். அன்று காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேர வகுப்பு வைத்து, பழைய பிள்ளைகளைப் பெற்றோரோடு அழையுங்கள். மறுபடி சேர அட்மிஷன் கட்டணம் இல்லை, எந்த பெல்ட்டில் நின்றார்களோ அதே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வரலாம் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.