பழைய விண்டோஸுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. இனிமேல் அப்டேட் வராது, ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் போட்டுத் தருகிறோம் என்று கடையில் 2,800 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டால் சிரிக்கிறார்கள். பேரனோ இது இலவசம் என்கிறான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

பதில்: பேரன் சொன்னதுதான் சரி, அம்மா. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றது. அதற்குப் பிறகு, பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. இஎஸ்யூ என்று சொல்வது இதைத்தான். வீட்டு உபயோகத்துக்கு மூன்று வழி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் பைசா வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 சேர்ந்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டும் ஆகாதென்றால் 30 டாலருக்கு ஈடான ரூபாய், வரி தனி. எந்த வழியில் போனாலும் வருவது ஒரே அப்டேட்.

எனக்குப் பெரிய கவலை அந்த 2,800 அல்ல. ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் எடுத்த இஎஸ்யூவை பத்து கம்ப்யூட்டர் வரை போடலாம். கடைக்காரர் தன் கணக்கையே உங்கள் மெஷினிலும் போட்டிருக்க வாய்ப்பிருக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியைத் திறந்து, அங்கே இருப்பது உங்கள் மெயில் முகவரிதானா என்று பாருங்கள். வேறொருவருடையதாக இருந்து, ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) பேக்கப்பும் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டுப் போட்டோவும் பத்திரமும் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். அவசரப்பட்டு அதை உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை. அதில் நுழைந்து இஎஸ்யூ பதிவு. கடைசியில் அவர் கணக்கை எடுப்பது. வரிசை மாறினால் அட்மின் இல்லாத கம்ப்யூட்டரோடு அதே கடைக்கு நடக்க வேண்டிவரும்.

போட்டுக் கொடுத்ததற்குக் கூலி என்று 200, 300 கேட்டிருந்தால் நியாயம். லைசென்ஸ் என்று சொல்லி 2,800 வாங்கியது மோசடி. ஜிபே செய்த ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போவதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: இஎஸ்யூவுக்குப் பதிவு செய்யும் ‘என்ரோல் நவ்’ என்ற இணைப்பே என் கம்ப்யூட்டரில் வரவில்லை.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஸ்டார்ட்டில் வின்வர் என்று அடியுங்கள். 22எச்2 என்று வந்தால்தான் இஎஸ்யூ. அதற்கு முந்தைய பதிப்பென்றால் முதலில் 22எச்2-க்கு ஏற வேண்டும். பிறகு செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட். அங்கே தேங்கிக் கிடப்பதையெல்லாம் இறக்கி ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ‘செக்’ கொடுத்தால் இணைப்பு பெரும்பாலும் வந்துவிடும். அப்டேட்டே இறங்கவில்லையென்றால், நெட் இணைப்பில் ‘மீட்டர்டு’ (டேட்டாவை மிச்சம் பிடிக்கும் செட்டிங்) ஆனாக இருக்கிறதா பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் இன்னொரு கோளாறு: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பென்றால் கணக்கிலும் நுழைய முடியாது, அப்டேட்டும் வராது. பேட்டரியை மாற்றுங்கள். குழந்தைகள் கணக்கிலும், கம்பெனி டொமைனில் சேர்ந்த ஆபீஸ் லேப்டாப்பிலும் இந்த இணைப்பு வராது.

கேள்வி: விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் 2028 வரை அப்டேட் ஆகும் என்கிறார்களே, அது போதாதா?
– மாணவர், காளவாசல்

பதில்: போதாது. டிஃபெண்டர் தெரிந்த வைரஸைப் பிடிக்கும். விண்டோஸில் விழுந்த ஓட்டையை அடைக்காது.

கேள்வி: விண்டோஸ் 7-க்கும் இப்படி வாங்கலாமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: முடியாது. அதற்கான இஎஸ்யூ கம்பெனிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2023 ஜனவரி 10-ல் அதுவும் முடிந்தது. குரோம்கூட அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்த மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 399 ரூபாய்க்கு விண்டோஸ் 10 எல்டிஎஸ்சி சாவி, 2032 வரை அப்டேட் உண்டு என்று வாங்கிவிட்டேன். நல்லதுதானே?
– வாசகர், கே.கே. நகர்

பதில்: வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள். 2032 ஜனவரி வரை அப்டேட் உள்ள ஐஓடி எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்பு இருப்பது உண்மை. ஆனால் அது ஏடிஎம், பில்லிங் மெஷின் மாதிரி சாதனம் செய்பவர்கள் போட்டு விற்பது. உங்களுக்கும் எனக்கும் சில்லறையில் கிடைப்பதில்லை. 399-க்கு வருவது ஏதோ நிறுவனத்தின் மொத்தச் சாவியிலிருந்து கிள்ளிய துண்டு. அந்தச் சாவி முடக்கப்படும் நாளில் விற்றவர் போனை எடுக்கமாட்டார்.

கேள்வி: மகளின் காலேஜுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஐ5, 8 ஜிபி ரேம், 14,000 ரூபாய். விண்டோஸ் 11 போட்டே தருகிறார்கள், இஎஸ்யூ தொல்லையே இல்லை என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, மேலூர்

பதில்: எனக்கு வயிறு எரிவது இந்த வியாபாரத்தில்தான். ஐ5 என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. பின்னால் வரும் எண்தான் விஷயம். ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. சில விதிவிலக்கு தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11-க்குத் தகுதி. கூடவே டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது கள்ள மென்பொருள் நுழையாமல் தடுக்கும் ஏற்பாடு) வேண்டும். இந்தச் சோதனைகளைத் தாண்டிப்போக வைத்து ஆறாம் தலைமுறையிலும் 11-ஐ ஏற்றிவிட முடியும். திரையில் 11 அழகாகத் தெரியும், கடைக்காரர் தொகையை ஏற்றிச் சொல்வார். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. வருடாந்திரப் புதுப் பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு தடவையும் யாராவது அதே தில்லுமுல்லைச் செய்து ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால்? 11-இன் 23எச்2 ஹோம், புரோ பதிப்புகளுக்கு 2025 நவம்பர் 11-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13. ஒழுங்காக இஎஸ்யூ பதிந்த விண்டோஸ் 10 லேப்டாப், 23எச்2-வோடு நிற்கும் இந்தப் போலிப் பதினொன்றைவிடப் பத்திரம். ஸ்டிக்கரை நம்பி வாங்கிய ஏழாம் தலைமுறை ஒன்று என் அலமாரியிலும் தூங்குகிறது.

கடையிலேயே மூன்றைப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட்: பிராசஸர் எண். வின்வர்: பதிப்பு. ஸ்டார்ட்டில் டிபிஎம்.எம்எஸ்சி என்று அடித்தால்: 2.0 என்று வருகிறதா. தட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். 14,000-க்கு எட்டாம் தலைமுறை கிடைக்காவிட்டால், விண்டோஸ் 10-ஓடு இருப்பதையே விலை குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம். டேலி ஓடும் நான்கு மெஷின். கம்பெனிக்கு இஎஸ்யூ என்ன விலை?
– வியாபாரி

பதில்: இலவச வழியும் 30 டாலர் வழியும் தனிநபருக்கு. கம்பெனிக்கு மெஷின் ஒன்றுக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தது 122, மூன்றாவது 244. அதிகபட்சம் 2028 அக்டோபர் வரை. இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தாலும் முதல் வருடப் பணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். நான்கு மெஷினுக்கு மூன்று வருடம் என்றால் 1,708 டாலர் ஆகிறது. அந்தக் காசை எடுத்து வைப்பதற்கு முன் நான்கிலும் பிசி ஹெல்த் செக் (11-க்குத் தகுதி உண்டா என்று சொல்லும் மைக்ரோசாஃப்ட் செயலி) ஓட்டிப் பாருங்கள். டிபிஎம் இல்லை என்று சொன்னால், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) இன்டெல் பிடிடி அல்லது ஏஎம்டி எஃப்டிபிஎம் (டிபிஎம்முக்கு அந்தக் கம்பெனிகள் வைத்த பெயர்) ஆஃபில் கிடக்கலாம். ஆன் செய்தால் தகுதி வந்துவிடும். பிராசஸரும் தேறினால் 11-க்கு மாறுவது இலவசம். டேலி டேட்டாவை முதலில் தனி டிஸ்க்கில் எடுத்துவிட்டு, மெஷின் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்; நான்கையும் ஒரே நாளில் தொடவேண்டாம், அதுவும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வாரத்தில்.