ஊட்டி மூடுபனிக்கு சோலார் சரிவருமா?

“கூடங்குளம் இருக்கும்போது ஊட்டி மூடுபனியில் சோலார் எதற்கு என்று மாமா தடுக்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா சொல்வதில் பாதி சரி. அங்கே ஆயிரம் மெகாவாட் அணு உலைகள் இரண்டு, இரவிலும் மின்சாரம் தரும். ஆனால் ஆடிக் காற்றில் கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் அந்த மின்சாரம் வீடு வந்து சேராது.

பேட்டரி இல்லாத சோலாரும் அப்போது நின்றுவிடும்! நம் சோலார் மின்சாரம் கம்பிக்குப் போய், அதைச் சரிசெய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். எனக்கு விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் பேட்டரி சேரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டராகக் கேளுங்கள்.

மழை மாதங்களில் உற்பத்தி குறையும். ஜனவரி வெயிலில், குளிரில், பேனல் நன்றாகவே உழைக்கும். அப்புறம், 1932-லேயே பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுத்த மலை இது என்று மாமாவிடம் சொல்லுங்கள்.