நாலு மாதத்தில் இன்னொருவரா?

வணக்கம் மேடம்.

எனக்கு 29 வயது. மயிலாப்பூரில் அம்மாவோடு இருக்கிறேன், தரமணியில் வேலை. ஐந்து வருடம் காதலித்தவர், மார்ச் மாதம் "எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று விலகிவிட்டார். ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இனி யாரும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஜூனில் ஒரு மாலை, நல்ல மழை. வீடு திரும்பும்போது பறக்கும் ரயில் இந்திரா நகரில் நின்றுவிட்டது. தினமும் அதே பெட்டியில் வருபவர், முகம் மட்டும்தான் தெரியும், வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். முக்கால் மணி நேரம் பேசினோம். அப்புறம் தினமும் பேச்சுதான். போன வாரம் பெசன்ட் நகர் கடற்கரையில் "உங்களைப் பிடிச்சிருக்கு" என்றார். எனக்கும் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. நாலே மாதத்தில் இன்னொருவர் என்றால், அந்த ஐந்து வருடம் பொய்யா? "இது வெறும் ஆறுதல்டி" என்கிறாள் தோழி. பழையவரைப் பற்றி இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பழையவர் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று ராத்திரியில் பார்ப்பதையும் விட முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

பொய்யான உறவுக்காக யாரும் ஒரு மாதம் சோறு தண்ணி இல்லாமல் கிடக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடுங்கள்.

காதல் முறிவுக்குப் பதினாறாம் நாள் காரியம் என்று கணக்கு எதுவும் கிடையாது. பிரிந்த கொஞ்ச நாளிலேயே புதிய உறவுக்குப் போனவர்களைப் பற்றி பிரம்பாக், ஃப்ரேலி என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். எதிர்பார்த்த கெடுதலைக் காணவில்லை. அவர்களிடம் தன்னம்பிக்கைதான் கூடுதலாகத் தெரிந்தது. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் 'ஆறுதல்' என்பதைத் தோழி ஏன் கெட்ட வார்த்தை மாதிரி சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

என்னை உறுத்துவது அந்த ராத்திரி வாட்ஸ்அப்தான். காதல் முறிந்தும் மறக்க முடியாமல் தவித்த 15 பேரின் மூளையை ஹெலன் ஃபிஷர் குழுவினர் ஸ்கேன் செய்தார்கள் (2010). பழையவரின் படத்தைப் பார்த்ததும், போதைக்கு ஏங்கும்போது வேலை செய்யும் பகுதிகள் அவர்களுக்குத் தூண்டப்பட்டன. ஆகவே இது உங்கள் பலவீனம் இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க அந்த ஏக்கத்துக்குத் தீனி போடுகிறீர்கள். பிளாக் செய்ய மனம் வராவிட்டால், படுக்கும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அலாரத்துக்குப் பழைய கடிகாரம் போதும். தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

இவரிடம் சொல்லிவிடுங்கள். முழுக் கதை வேண்டாம். "மார்ச்லதான் பிரிஞ்சேன், எனக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றால் போதும். அதைக் கேட்டு அவசரப்படுத்துகிறாரா, பழையவர் யார் என்று குடைகிறாரா, இல்லை "சரி" என்று சொல்லிவிட்டு மந்தைவெளி வரை பேசாமல் கூட வருகிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இவர் வீட்டில் எப்படி? போன முறை ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த பதிலை, இந்த முறை ஐந்தாவது மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.