ஸ்கிட் ஸ்டியர் லோடரின் ட்ரைவுக்கு 90 கியர் ஒயில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். "வன்னி வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் நிற்கும்" என்று யாரோ ஒரு மெக்கானிக் பாஸ் உங்களுக்கும் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள், நானும் கேட்டேன்.

பொப்கட்டில் (பக்கட் வைத்த இந்தச் சின்ன லோடரை, எந்தக் கம்பெனி மெஷின் என்றாலும் நாங்கள் அப்படித்தானே சொல்கிறோம்) சில்லைச் சுற்றுவது ஹைட்ரோலிக் பம்பும் மோட்டரும். பக்கட்டைத் தூக்கும் அதே டாங்கி ஒயில்தான் அங்கேயும் போகிறது. மோட்டருக்கும் சில்லுக்கும் நடுவே செயின் ஓடும் பெட்டிக்கு மட்டும் தனி ஒயில். அதற்கு 15W-40 என்ஜின் ஒயிலே போதும் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. டாங்கிக்குப் பெரும்பாலும் 46 அல்லது 68 ஹைட்ரோலிக் ஒயில். இந்த எண்கள் ஒயிலின் தடிப்பைச் சொல்பவை. 90 என்பது வேறு அளவுகோல், அது 46ஐ விடப் பல மடங்கு தடிப்பு.

என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன், மாரி நேரம், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அரிசி ஆலையில் உமி அள்ளும் வேலை. டாங்கியில் கிழமைக்கு நாலைந்து லீற்றர் குறைந்துகொண்டே வந்தது. நிலத்தில் ஒரு சொட்டு இல்லை. அப்போது ஒயில் விற்ற விலைக்கு நான் வேறு என்ன நினைப்பது? ஓடுகிற பெடியனை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணை, நான் குடிக்கிறனோ?" என்றான். அடுத்த நாள் வரவில்லை.

பிறகுதான் அந்த பாஸின் யோசனை: 90ஐ ஊற்று, கசியாது. குறையக் குறைய அதையே ஊற்றினேன். ஒரு மாதத்தில் காலையில் பம்ப் அழத் தொடங்கியது. மத்தியானம் ஒயில் கொதித்து, உமிக் குவியலில் ஏறவே மெஷின் மறுத்தது.

கடைசியில் செயின் பெட்டியின் பக்கத்து நட்டைக் கழற்றினேன். மட்டம் பார்க்கிற நட்டு அது, ஒயில் அதன் விளிம்பில் நிற்க வேண்டும். என் செருப்பெல்லாம் நனையக் கொட்டியது. ட்ரைவ் மோட்டரின் ஷாஃப்ட் சீல் (தண்டைச் சுற்றி ஒயிலை மறிக்கும் வளையம்) போய், டாங்கி ஒயில் முழுக்க அதற்குள் இறங்கியிருக்கிறது. களவு போகவில்லை, அரை மீற்றர் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சீல் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. டாங்கி, குழாய், ஃபில்டர் எல்லாம் கழுவித் திரும்ப நிரப்பத்தான் கை கடித்தது.

"மனுவலைப் பார்த்திருக்கலாமே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். மனுவல் இருந்தது ஐயா, யப்பான் பாஷையில். அந்த ஆலை முதலாளி எட்டு நாள் கூலியை இன்னும் தரவில்லை. கேட்டால் நெல்லு விலை விழுந்துபோச்சாம். விலை ஏறிய வருடமும் அதையேதான் சொன்னார்.

சரி, உங்களுடையதிலும் ஒயில் குறைகிறதென்றால் முதலில் அந்த நட்டைக் கழற்றிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

பெடியன் இப்போது மாங்குளத்தில் டிப்பர் ஓடுகிறான். கண்டால் ஹோர்ன் அடிப்பான். நிற்கமாட்டான்.