குளத்துக்குக் கோடி எங்கே?

வணக்கம் ஐயா,

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. பின்பக்கம் 20 அடிக்கு 12 அடி இடம் சும்மா கிடக்கிறது. அதில் 8 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு சின்னக் குளம் அமைக்க நெடுநாள் ஆசை. மாமரத்தடியில் வைத்தால் தண்ணீர் சூடாகாது என்று நினைக்கிறேன். அல்லி, தாமரை, நாலைந்து கோய் மீன்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அதிலேயே இறக்கிவிட்டால் தண்ணீர்ச் செலவும் மிச்சம். தீபாவளிக்குள் முடித்துவிட எண்ணம். என் கேள்வி ஒன்றுதான்: சிமெண்டில் கட்டுவதா, குழிக்குள் தண்ணீர் கசியாத ஷீட் போடுவதா? கொத்தனார் சிமெண்ட் என்கிறார். யூடியூபில் எல்லாரும் ஷீட் என்கிறார்கள். கொசு வரும் என்று அம்மா பயப்படுகிறார். ஈசானிய மூலையில்தான் தோண்ட வேண்டும் என்கிறார் மாமனார். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள்.

சு., கடலூர்

அன்புள்ள சு.,

கடிதத்தின் கடைசி வரி முதல் வரியாக வந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓரடித் தண்ணீரே ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வெளியே வராது. கரையை உயர்த்திக் கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஏறிவிடுவாள். குளத்தின் மேல் முழுக்க, தண்ணீருக்கு ஓரிரு அங்குலம் மேலே, கம்பிச் சட்டத்தில் பற்றவைத்த வெல்டு மெஷ் கம்பிவலை போடுங்கள். கண் 3 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் ஏறி நின்றாலும் தாங்க வேண்டும். அல்லி மொட்டு அந்தக் கண்ணுக்குள் புகுந்து மேலே வந்துவிடும், அழகு கெடாது. அவளுக்கு ஆறு வயதானதும் கழற்றிக்கொள்ளலாம். இதற்கு மனமில்லை என்றால் குளத்தையே நான்கு வருஷம் தள்ளிப்போடுங்கள். இதில் பேரம் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமரத்தடி வேண்டாம். சருகும் பூவும் விழுந்து அடியில் அழுகிக் கறுப்புச் சேறாகும், வேர் அடியிலிருந்து குத்தும். அல்லிக்கும் தாமரைக்கும் தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் இலைதான் கிடைக்கும், பூ கிடைக்காது. கோய் வேண்டவே வேண்டாம். இரண்டடி நீளம் வளரும் மீன் அது. நாலடி ஆழமும் பல ஆயிரம் லிட்டர் தண்ணீரும், இரவும் பகலும் ஓடும் வடிகட்டியும் கேட்கும். போதாததற்குச் செடித் தொட்டி மண்ணையெல்லாம் வாயால் கிளறிக் கலக்கிவிடும். பத்துப் பதினைந்து கப்பி என்னும் சின்ன மீன் விடுங்கள். அந்த அளவுக்கு முதல் வருஷம் பம்பே தேவையில்லை. ஈசானிய மூலையைப் பற்றி உங்கள் மாமனாரோடு நான் சண்டைக்கு வரவில்லை. அந்த மூலையில் வெயில் படுகிறதா, செப்டிக் டேங்க் இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

இனி, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 'மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அதிலேயே இறக்கிவிட்டால்.' சில மாதங்களாக மனதில் குடைந்துகொண்டிருந்த விஷயம் இது. வீட்டுக் குளம் அமைக்க வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். அது எங்கே போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீராணமும் பெருமாள் ஏரியும் இருக்கிற மாவட்டத்துக்காரர் நீங்கள். அந்தப் பக்கம், புதுச்சேரியில், பாகூர் ஏரி, ஊசுட்டேரி. கோடி, அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வாய், இல்லாமல் இந்த ஊரில் யாராவது ஏரி வெட்டியிருக்கிறார்களா? 'ஏரி கோடி போகுது' என்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். அந்த ஊர்க்காரர் வீட்டில் குளம் தோண்டும்போது மட்டும் கோடி மறந்துபோகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 அடிக்கு 6 அடி என்றால் 48 சதுர அடி, ஏறத்தாழ நாலரை சதுர மீட்டர். செடி வைக்கும் படிகளைக் கழித்தால் உங்கள் குளம் கொள்ளும் தண்ணீர் சுமார் 2,000 லிட்டர். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், பக்கத்துப் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படி ஒரு மழை உங்கள் குளத்தின் வாயில் நேராக விழுந்தாலே ஒரே நாளில் இன்னொரு 2,000 லிட்டர். இதோடு 1,000 சதுர அடி மொட்டைமாடியையும் திருப்பிவிட்டால் 40,000 லிட்டருக்கு மேல் வந்து இறங்கும். இருபது குளத்துத் தண்ணீர்! மீன், செடி, தொட்டி மண் எல்லாம் கொல்லை முழுக்க மிதக்கும். தண்ணீர்ச் செலவு மிச்சம் என்கிறீர்கள்.

மாடிக் குழாயைத் தனியாக உறிஞ்சுகுழிக்கோ தொட்டிக்கோ கொண்டுபோங்கள். கோடையில் குளம் வற்றும்போது அந்தத் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

வானத்திலிருந்து விழுவது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. கடலூரில் தெரியாத எதிரி அடியில் இருக்கிறது. செம்மண்டலம் கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் உள்ள தாழ்ந்த நிலம். கார்த்திகையில் கிணற்றில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நிலத்தடி நீர் குளத்து நீரைவிட ஓரடி உயர்ந்துவிட்டால், ஷீட்டின் ஒவ்வொரு சதுர அடியையும் கீழிருந்து 28 கிலோ தள்ளும். ஷீட் மெதுவாக உப்பும். முதல்நாள் அடிமண் கலங்கியதுபோல் இருக்கும், அடுத்த நாள் தொட்டிகள் சாயும், மூன்றாம் நாள் நடுக்குளத்தில் எருமை முதுகு மாதிரி கறுப்பாக ஒன்று மேலே வந்து நிற்கும். பார்த்தவுடன் கையும் காலும் ஓடாமல், தண்ணீரை இறைத்துவிட்டு ஷீட்டைச் சரிசெய்யலாம் என்று மோட்டார் போடுவார்கள். அதுதான் உச்சகட்ட முட்டாள்தனம். உள்ளே அழுத்திக்கொண்டிருந்த பாரத்தையும் எடுத்துவிட்டால் மிச்ச ஷீட்டும் எழும்பும். கல்லைத் தூக்கி வைத்தால் கிழியும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, குளத்தில் மேலும் தண்ணீர் விட்டு விளிம்பு வரை நிரப்புவது.

அப்படியானால் சிமெண்ட்தான் சரி என்று கொத்தனார் குதிப்பார். அவருக்கும் ஒரு கணக்கு சொல்லுங்கள். நான்கு அங்குலச் சுவரும் தரையும் வைத்து இதே அளவுத் தொட்டி கட்டினால் கான்கிரீட்டின் எடை இரண்டரை டன் சொச்சம். அது மண்ணுக்குள் அடைத்துக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் நின்றால் அதன் எடை 3.8 டன். ஐப்பசியில் கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்து, அன்றிரவு நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், உங்கள் சிமெண்ட் தொட்டி படகாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் தூக்கி மூலையில் விரிசல் விடும். அந்த விரிசலை எந்தப் பூச்சும் அடைக்காது. கடற்கரை ஊரில் கம்பி துருப்பிடிப்பது தனிக் கதை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரைக் காரமாக்கும். மூன்று நான்கு வாரம் நிரப்பிக் கொட்டி, நிரப்பிக் கொட்டி, வாழைத்தண்டை வெட்டி ஊறப்போட்டுத்தான் மீன் விட முடியும்.

ஆகவே ஷீட். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் முழுக்கத் தோண்டாதீர்கள். ஓரடி மட்டும் தோண்டுங்கள், மீதியைத் தரைக்கு மேலே ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக ஒன்றேகால் அடி எழுப்புங்கள். அப்போது குளத்து நீர்மட்டம் எப்போதும் தரைக்கு மேல் ஓரடி உயரத்தில் இருக்கும். நிலத்தடி நீர் தரைவரை வந்தாலும் உள்ளேயிருந்து அழுத்துவது பெரிதாக இருப்பதால் ஷீட் அசையாது. கொல்லையின் சேற்று நீரும், பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீரும் உள்ளே வராது. இதுவே இரண்டாவது லாபம்.

குழியில் வேர், ஓடு, கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கி, சலித்த மணல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். மேலே ஜியோடெக்ஸ்டைல் என்ற மக்காத செயற்கைத் துணி. பழைய சாக்கு வேண்டாம், மக்கிப்போகும். ஷீட் அளவு இப்படி: நீளத்தோடு இருமடங்கு ஆழம், அதோடு இரண்டு பக்கமும் ஓரடி. ஆழத்தை இரண்டேகால் அடி என்று வைத்தால் பதினாலரைக்குப் பன்னிரண்டரை வரும். 15க்கு 13 வாங்குங்கள். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் மலிவு, ஆனால் விறைப்பு, மூலையில் மடியாது. 1 மில்லிமீட்டர் இபிடிஎம் ரப்பர் ஷீட் விலை கூட, சொன்னபடி மடங்கும். நீலத் தார்ப்பாயைத் தொடாதீர்கள். ஒரு கோடை வெயிலிலேயே பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

இப்போது கோடி. குழாய் வைக்கலாம், எல்லாரும் அதைத்தான் வைப்பார்கள். இரண்டு அங்குலக் குழாய் உங்கள் குளத்தில் விழும் மழைக்குத் தாராளம்தான். ஆனால் மழை பெய்யும் ராத்திரியில் ஓர் அல்லி இலை வந்து வாயை அடைத்தால் முடிந்தது. அதனால் குழாயை நம்பாதீர்கள். சுவரின் ஒரு பக்கத்தில் ஓரடி அகலத்துக்கு, மற்ற விளிம்பைவிட இரண்டு அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். ஷீட்டை அதன் மேல் மடித்து வெளிப்பக்கம் தொங்கவிட்டு, மேலே ஒரு தட்டைக் கல். ஓரடி அகல வாயை எந்த இலையும் அடைக்காது. கப்பி தப்பித்துச் சாக்கடைக்குப் போகாமலிருக்க, வாய்க்கு முன்னால் உள்பக்கமாக ஒன்றரை அடி அகல வலைச்சட்டம் சாய்வாக வையுங்கள். வலை பெரிதாக இருந்தால் பாதி அடைத்தாலும் மீதி வழியே தண்ணீர் போகும்.

இதில் எல்லாரும் சறுக்குவது மட்டத்தில்தான். சுவரின் விளிம்பு ஒரு பக்கம் இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் உங்கள் கோடிக்குப் போகாது, அந்தப் பக்கம் வழிந்து அஸ்திவாரத்து மண்ணை அரிக்கும். கண்ணால் பார்த்து 'சரியா இருக்குண்ணே' என்று கொத்தனார் சொன்னால் ஏற்காதீர்கள். தண்ணீர் நிரப்பிய டியூபை நான்கு மூலைக்கும் பிடித்து, பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் கடைசி வரிசைச் செங்கல்.

கோடித் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை, சேம்பு நடுங்கள். உங்கள் தெரு, மேலே மேலே ரோடு போட்டு வீட்டைவிட உயர்ந்திருந்தால், தெருப்பக்கம் வாய்க்கால் வெட்டிப் பயனில்லை, தெருத் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே வரும். அம்மாவிடம் சொல்லுங்கள்: கப்பி உள்ள குளத்தில் கொசு தலைகாட்டாது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதற்குள் மீன் தின்றுவிடும். பயப்பட வேண்டியது கோடிக்கு வெளியே தேங்கும் குட்டையைப் பார்த்து. ஆகவே அங்கே பள்ளம் இருக்கக் கூடாது, சரிவு இருக்க வேண்டும்.

கோடியால் இன்னொரு காரியமும் நடக்கிறது. மே மாத வெயிலில் உங்கள் குளம் நாளொன்றுக்கு முப்பது லிட்டர்வரை ஆவியாகும். நீங்கள் போர்த் தண்ணீர் ஊற்றுவீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். கடலோர ஊரில் போர்த் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. கோடை முடியும்போது அல்லி இலை விளிம்பு கருகினால் காரணம் இதுதான். வடகிழக்குப் பருவமழை நன்றாகக் கொட்டி, கோடி நாலைந்து நாள் ஓடினால் அந்த உப்பில் கணிசமான பங்கு கழுவிப் போய்விடும். மழைக்குப் பயந்து குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். போர்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்துள்ள உப்பின் அளவு, 1,000க்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேலே போனால் மழைநீர்த் தொட்டியில்தான் கை வைக்க வேண்டும்.

தாமரை பற்றி ஒரு வார்த்தை. அகலத் தொட்டியில் களிமண் போட்டு அடைத்து வையுங்கள். தரையில் விட்டால் கிழங்கின் கூர்முனை ஷீட்டை மடிப்பில் துளைக்கும். 48 சதுர அடியில் அல்லியும் தாமரையும் சேர்த்து வைத்தால் தாமரை எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லி என்பது என் கட்சி. வெங்காயத்தாமரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவராதீர்கள்.

தீபாவளிக்குள் என்ற பேச்சை விடுங்கள். தீபாவளியே ஐப்பசியில்தான் வருகிறது. தோண்டி வைத்த குழியில் மழை நிற்கும், பக்கச் சுவர் சரியும், அதில் ஷீட் விரிக்கவே முடியாது. தை பிறந்து மண் இறுகிய பிறகு தோண்டுங்கள், மாசிக்குள் நிரப்பி, செடி வைத்து, மூன்று நான்கு வாரம் தண்ணீர் பக்குவப்பட்ட பிறகு மீன். இந்த மழைக்காலம் வீணாகவில்லை, அதற்கு உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நாலங்குல பிவிசி குழாய் ஐந்தடி நீளத்துக்கு வாங்கி, கீழ் நாலடியில் சுற்றிலும் ஓட்டை போடுங்கள். குளம் வரப்போகும் இடத்தின் ஓரத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி எடுத்து அதை நட்டு, சுற்றி ஜல்லி போட்டு, வாயை மூடி வையுங்கள். வாரம் ஒரு முறை காய்ந்த குச்சியை விட்டு, தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஈரம் தொடங்குகிறது என்று அளந்து குறியுங்கள். பெருமழைக்கு மறுநாள் கட்டாயம். குளம் கட்டிய பிறகும் அந்தக் குழாயைப் பிடுங்க வேண்டாம். ஷீட் உப்பினால் அதற்குள் ஒரு சின்ன பம்பை இறக்கி அடித்தண்ணீரை இறைக்கலாம்.

மார்கழியில் அந்தக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள். தண்ணீர் ஒன்றரை அடிக்குக் கீழேயே நின்றிருந்தால் ஓரடி தோண்டலாம். ஓரடிக்குள் வந்திருந்தால், குளத்தைக் காலி செய்யும் நாளில் ஷீட் எழும்பிவிடும், ஆகவே தோண்டவே வேண்டாம், முழுக்கத் தரைக்கு மேலே கட்டிவிடலாம். அதற்குச் செங்கல் கணக்கு வேறு.