பெட்ரோல் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவில் இருந்துதான் பிளாஸ்டிக் செய்கிறார்களா?

இல்லை. ஆனால் இப்படி நம்புகிறவர்கள் நிறைய. என் அப்பாவே கேட்டார், "கழிவில செய்யறதுதானே, அப்புறம் ஏன் சொட்டுநீர் டியூப் இந்த விலை விக்குது?" என்று. எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். நான் ஓசூரில் சொட்டுநீர் டியூப் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் இல்லை. கார்பன் அணுக்கள் சங்கிலியாகவும் வளையமாகவும் கோத்திருக்க, அவற்றில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. சங்கிலி நீள நீளக் கொதிநிலையும் ஏறும். அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் விட்டால், மூன்று நான்கு கார்பன் உள்ளவை உச்சிக்குப் போய்விடும். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது அதுதான். தொப்பூர் கணவாயில் ஏறுகிற லாரியின் டீசல் நடுவில் இறங்கும். ரோட்டுக்குப் போடும் தார் அடியில் தங்கும். மிச்சம் என்று எதையாவது சொல்வதானால் அந்தத் தாரைச் சொல்லலாம்.

பிளாஸ்டிக்குக்குப் போவது நாஃப்தா. ஏறக்குறைய 5 முதல் 12 கார்பன் வரை உள்ள, தெளிவான, இலகுவான திரவம். பெட்ரோலுக்கும் இதுவே முக்கிய மூலப்பொருள். பெட்ரோலும் பிளாஸ்டிக்கும் பங்காளிகள். ஒன்று தின்று மிஞ்சியதை மற்றது தின்பதில்லை. (இயற்கை வாயுவில் கிடைக்கும் ஈத்தேனில் இருந்தும் பிளாஸ்டிக் செய்கிறார்கள்.)

நாஃப்தாவை நீராவியோடு கலந்து, 800 டிகிரிக்கு மேல் உள்ள உலைக் குழாய்களில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஓட்டி, உடனே குளிர வைப்பார்கள். நீண்ட சங்கிலிகள் உடைந்து எத்திலீன், புரொப்பிலீன் போன்ற குட்டி மூலக்கூறுகள் வரும். எத்திலீனில் இரண்டே கார்பன், நடுவில் இரட்டைப் பிணைப்பு. அதில் ஒன்று திறந்தால் இரண்டு பக்கமும் கை நீட்டி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டதுதான் பாலிஎத்திலீன். மெழுகுவத்தியின் மெழுகிலும் இதே கார்பன் சங்கிலிதான். அதில் 20 முதல் 40 கார்பன், டியூபில் பல்லாயிரம். நீளம் மட்டுமே கூடி, நகத்தால் கீறினால் உதிரும் பொருள் தண்ணீர் அழுத்தம் தாங்கும் பொருளாக மாறுவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பாலிஎத்திலீன் தற்செயலாகக் கிடைத்தது. 1933-இல் இங்கிலாந்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீனை மிக அதிக அழுத்தத்தில் வேறொரு பொருளோடு வினைபுரிய வைக்கப் பார்த்தார்கள். பாத்திரத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் டைட்டானியம், அலுமினியம் சேர்ந்த வினையூக்கியால் குறைந்த அழுத்தத்திலேயே நேரான சங்கிலிகளைச் செய்துகாட்டினார். நேரான சங்கிலி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், பொருள் கெட்டியாகும். சங்கிலியில் கிளைகள் இருந்தால் இளகி வளையும். சொட்டுநீர் டியூப் இந்த ரகம்.

எங்கள் கம்பெனிக்கு இது வெள்ளை மணிகளாக, மூட்டையில் வரும். பார்க்க ஜவ்வரிசியேதான். எங்கள் தர்மபுரி மாவட்டத்து மரவள்ளியில் கிடைக்கும் ஸ்டார்ச்சும் ஒரு பாலிமர்தான், குளுக்கோஸ் மணிகள் கோத்த சங்கிலி. ஆனால் அதில் மணிகளுக்கு நடுவே ஆக்சிஜன் இருக்கிறது. அந்த இடத்தைப் பிடித்து வெட்ட நம் எச்சிலுக்கும் தெரியும், மண்ணில் உள்ள நுண்ணுயிருக்கும் தெரியும். பாலிஎத்திலீனில் முழுக்கக் கார்பனோடு கார்பன். மண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை.

வெயிலுக்குப் பிடி கிடைக்கிறது. புற ஊதாக் கதிர் சங்கிலியை அறுக்க, ஆக்சிஜன் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் டியூபில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு கார்பன் கரி சேர்க்கிறோம். கறுப்பு நிறம் அழகுக்கு இல்லை. நான் வேலைக்குச் சேரும் முன்பு அப்பா ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய டியூப் இரண்டாவது கோடையிலேயே வெடித்தது. காய் பிடிக்கும் நேரம், பாதித் தோட்டம் வாடியது. பிறகு அதில் ஒரு துண்டைக் கம்பெனி ஆய்வகத்தில் காற்றில்லாமல் சூடாக்கி, மிஞ்சிய கரியை எடை போட்டேன். ஒரு பங்குகூட இல்லை. பலமுறை உருக்கிய பழைய பிளாஸ்டிக்காகவும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு உருக்கலிலும் சங்கிலி கொஞ்சம் சேதமாகும்.

வெயிலில் வெடித்தாலும் அது மக்குவதில்லை, துண்டாகிறது, அவ்வளவுதான். அந்த டியூப் துண்டுகள் இப்போதும் உழும்போது கொழுவில் மாட்டுகின்றன. அப்பா ஏரை நிறுத்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரப்பில் இருக்கும் சாக்கில் போடுகிறார்.